ஆயுசுக்கும் இன்கமிங்

"அந்த நம்பர் இப்ப வேற ஒருத்தர் பேர்ல இருக்கு மேடம்." சொல்லிட்டா. இந்த போன் கம்பெனிக் கவுண்டர்ப் பிள்ள, சிரிச்ச முகம் மாறாமச் சொல்லிட்டா. நானும் சரிம்மான்னு தலையாட்டிட்டு, எந்திரிச்சு வந்து இந்தச் சோபால உக்காந்திருக்கேன். என்னத்துக்குத் தலையாட்டுனேன்? அவ முகத்துல ரெண்டு கேள்வி கேட்டுருக்க வேண்டாமா? வேற ஒருத்தர்னா யாரு? என் நம்பர எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுக்க நீங்க யாருட்டின்னு கேட்டுருக்கணும். கேக்கல. காது ரெண்டும் அடைச்சுப் போச்சு, விமானம் எறங்குறப்ப அடைக்குமாமே அது மாதிரி, நான் எங்க விமானத்துல போனேன். கைல புது டோக்கன் ஒண்ணு இருக்கு, அவதான் குடுத்தா, மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு, வந்ததும் பேசுங்கன்னு. அவ பல்லு அப்படி வரிசையா இருக்கு, கிளிப் போட்டு எடுத்த பல்லு, எனக்குத் தெரியாதா, பல் ஆஸ்பத்திரி வரவேற்புல எத்தன வருசமா உக்காந்திருக்கேன். டோக்கன் குடுத்து மனுசன உக்கார வக்கிறதுதான் என் பொழப்பு. வீங்குன கன்னத்தோட வந்து எப்ப கூப்பிடுவீங்கன்னு கேப்பாங்க, இந்தா கூப்பிடுவாங்கன்னு நானும் இப்படித்தான் சிரிப்பேன். ஆனா எடுத்த பல்ல இன்னொருத்தன் வாயில வச்சாச்சுன்னு எங்க டாக்டர் யாருகிட்டயும் சொன்னது கெடயாது. ஆண்டவரே, என்ன குளிர் இந்த ஏசி. மடியில டிபன் பாக்ஸ் இருக்கு, மத்தியானச் சோறு, எலுமிச்சம்பழ சாதம், தொறக்கவே இல்ல. சாப்பாட்டு நேரத்துல ஓடியாந்து முடிச்சுட்டுப் போயிரலாம்னு வந்தேன். ரெண்டாவது சிம் டவர் காட்ட மாட்டேங்கு, பாத்துக் குடும்மான்னு, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

பேரு கேட்டா. பியூலான்னேன். டைப் அடிச்சா, இந்தப் பேர்ல இருந்துச்சு மேடம், இப்ப இல்லன்னா. செத்துப் போனவங்களப் பத்திப் பேசுத மாதிரி இருந்துச்சு. எங்க சபையில பியூலா மூணு பேரு, நான் ஒருத்தி, உப்பளத்துக்காரங்க வீட்டு மருமக ஒருத்தி, பியூலா டீச்சர் ஒருத்தி. டீச்சர் பொங்கல் கழிச்சு சக்கர வியாதில போயிட்டா, இனி ரெண்டு பேருதான். போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வாரப்ப கோயில்குட்டி தவமணி, நம்ம சபைக்கு மணியடிச்சுக் கூட்டிப் பெருக்குத ஆளு, புதுசா சாத்தான்குளம் பக்கமிருந்து வந்திருக்காரு, ஒரே பொலம்பலு. யம்மா, ஒங்க பேருகாரம்மா கல்லறைல ஒருத்தன் மக்ரூன் பொட்டலத்தப் பிரிச்சு வச்சிட்டுப் போயிட்டான், எறும்பு மொய்ச்சுத் தள்ளுதுன்னாரு. டீச்சர்ட்ட படிச்ச பையனா இருக்கும், பியூலா அம்மா கல்லறை எதுன்னு கேட்டான், காட்டுனேன், கெடந்து அழுதான்னாரு. அணிலு வேற வந்து எல்லாத்தயும் தின்னுபோட்டு நுனிய மட்டும் விட்டு வச்சிருக்குன்னாரு. சக்கர வியாதில போன டீச்சருக்கு மக்ரூனான்னு நானும் என் மக ஷைனியும் ஸ்கூட்டர்ல ஏறி வீடு வாரவரைக்கும் சிரிச்சோம். அவ பிரேக் புடிக்க மறந்து ஒரு மாட்டு மேல முட்டப் பாத்தா. இப்ப எதுக்கு அது ஞாபகம் வருது? வேற யோசன வரமாட்டேங்கு. வேற ஒருத்தர் பேர்ல. வேற ஒருத்தர் பேர்ல.

அந்தக் கார்டு எனக்கு வித்ததே என் தம்பிதான். எபி, எபனேசர். பழைய பஸ் ஸ்டாண்டு எதுக்க ஸ்வரா கம்பெனிக் குடைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நிப்பான். தொப்பி, கலர் சட்டை, கழுத்துல ஒரு அட்டை. வாங்கண்ணே வாங்க, லைஃப்டைம் கார்டு, ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் இன்கமிங்னு கத்துவான். தொண்டை அப்படி அவனுக்கு, பாட்டுக் கூட்டத்துல பாட வேண்டிய தொண்டை, குடைக்கடியில கத்திக்கிட்டு நின்னான். அப்பல்லாம் செல்போன்ல காசு முடிஞ்சா நமக்கு வார போனும் வராது, மாசாமாசம் அழுவணும். இந்த லைஃப்டைம் வந்ததும் ஊரே அடிச்சுப் புடிச்சு வாங்குச்சு. எபி எனக்குன்னு ஒரு அட்டைப்பெட்டிக் கார்டத் தரையில கொட்டி நம்பர் தேடுனான், கடைசி நாலும் ஏழு எட்டு ஏழு எட்டு. எக்கா, நான் குடிச்சுட்டுக் கெடந்தாலும் இந்த நம்பர் மறக்காதுன்னான். அப்ப அவன் குடிக்கவே மாட்டான், வெளாட்டுக்குச் சொன்னது. ஆயுசுக்கும் வருமாலேன்னு கேட்டேன். ஒன் ஆயுசுக்கும் வரும் எக்கா, நீ சாவுறவரைக்கும் நான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்னான். நான் நம்புனேன். கம்பெனிய இல்ல, அவன. அந்தச் சந்தோசத்துல ரெண்டு பேரும் போயி மக்ரூன் வாங்கித் தின்னோம். சின்னதுலருந்து எங்களுக்குள்ள ஒரு கணக்கு, அடிப்பாகம் அவனுக்கு, கூரா இருக்குத நுனி எனக்கு, அங்கதான் முந்திரி நல்லா மொறுமொறுன்னு வெந்திருக்கும். அன்னைக்கு இருவத்தஞ்சு வயசுக் கழுதையும் அப்படியே அடிய மட்டும் கடிச்சுட்டு நுனிய எங்கைல குடுக்கான், பேக்கரிக்காரன் எங்க ரெண்டு பேரயும் ஒரு மாதிரியாப் பாத்தான்.

நாசமாப் போற போட்டி. அப்ப எத்தன கம்பெனி இந்த ஊர்ல. ஒருத்தன் நிமிசத்துக்கு ஒரு ரூவான்னா அடுத்தவன் அம்பது காசும்பான், இன்னொருத்தன் செகண்டுக்கு ஒரு காசும்பான், ராத்திரிக்கு ஃப்ரீம்பான். வீதிக்கு நாலு குடை. பெறகு டெல்டான்னு ஒரு புதுக் கம்பெனிக்காரன் வந்தான். எல்லாமே சும்மா, பேச்சு சும்மா, நெட்டு சும்மா, சிம்மும் சும்மா. திருவிழாவுக்குக் கஞ்சி வாங்குத மாதிரி லைன்ல நின்னு வாங்குச்சு ஊரு. என் வீட்டுக்காரர் காலைலயே போயி நின்னாரு. செல்வின், ரேஷன் அரிசிக்கு நிக்கச் சொன்னா முட்டு வலிக்கும்பாரு. அன்னைக்கு வலிக்கல. சும்மா குடுத்தவன் சும்மா போவானா? மத்தவன் கடையெல்லாம் சாத்துனான். ஸ்வரா கவுந்து இன்னொருத்தனோட சேந்து பேர மாத்திக்கிட்டான். குடைக்கடியில நின்ன பையனெல்லாம் என்ன ஆனான்னு எவன் கேட்டான்? எபி தொப்பியோட வீட்டுக்கு வந்தான், அந்தத் தொப்பிய அப்புறம் ரொம்ப நாள் வெயிலுக்குப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான், வேலை கெடைக்கல, குடிக்க ஆரம்பிச்சான். போட்டிக்கு ஆளில்லாமப் போனதும் மிச்சமிருக்கவன் எல்லாம் ஒண்ணாச் சேந்து வெலய ஏத்துனானுவ. போட்டி போட்டப்ப கால்ல விழுந்தானுவ, இப்ப தலைல ஏறி உக்காந்திருக்கானுவ. இன்கமிங் வரணும்னாலும் ரீசார்ஜ் போடுங்கான். லைஃப்டைம்னு சொன்னீங்களேய்யான்னு கேட்டா, அது பழைய கம்பெனி சொன்னதுங்கான். ஆனா செல்வினுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். அவரு கம்பெனி மாறிக்கிட்டே இருப்பாரு. நம்பர மாத்தாமக் கம்பெனிய மாத்துறதுக்கு ஒரு மெசேஜ் அனுப்புனாப் போதும், ஒடனே பழைய கம்பெனிலருந்து ஒரு பிள்ள கூப்பிடும். சார், ஏன் சார் போறீங்க, உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெசல் ஆஃபர் இருக்கு சார்னு கொஞ்சும். இவரு கால் மேல கால் போட்டுக்கிட்டு யோசிச்சுச் சொல்லுதேம்மான்னுவாரு. லாரி புக்கிங் ஆபீஸ்ல இவர யாரு சார்னு கூப்பிடப் போறா. பாவம்னு நெனச்சு நானும் விட்டுருவேன்.

விட்டிருக்கக் கூடாது. அம்மா அடக்கத்தன்னைக்கு எபி லேட்டா வந்தான், வாடையோட வந்தான், பெட்டிய மூடப் போற நேரம். செல்வின் எந்திரிச்சுப் போயி எல்லாருக்கும் முன்னால கன்னத்துல விட்டாரு ஒண்ணு. இனி என் வாசல்ல ஒன்னப் பாத்தேன்னாருன்னு சொன்னாங்க, நான் கேக்கல, என்னப் பொம்பளைங்க புடிச்சுக்கிட்டு இருந்தாங்க, நான் கத்துனேன், ஆனா அவன் முதுகுதான் தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான், போயிட்டான். செல்வின் கெட்டவரு இல்ல. மாமியா மேல உசுரா இருந்தாரு, அந்தக் கோவம். ஆனா எபி பேர இன்னைக்கும் வீட்டுல எடுக்கக் கூடாது, எடுத்தாச் சோத்துல கைய உதறிட்டு எந்திரிச்சுருவாரு. பெறகு நாங்க மில்லர்புரத்துக்கு வீடு மாத்திட்டோம், அது எபிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நம்பரு ஒண்ணுதான். கிறிஸ்துமஸ் நேரத்துல வரும் போனு, பெறகு எப்பவாவது நெனச்சுக்கிட்டா வரும். ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர்லருந்து, டீக்கடைக்காரன் போனு, லாரி கிளீனர் போனு, யார்ட்டயாவது கெஞ்சி வாங்கிக் கூப்பிடுவான் போல. எடுத்ததும் பேச மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். பெறகு, சாப்பிட்டியா எக்காம்பான். மொத தடவ நான் எங்கலே இருக்கன்னு அலறிட்டேன், டக்குன்னு வச்சுட்டான். அதுக்கப்புறம் பாடம் படிச்சுக்கிட்டேன், எங்க இருக்கன்னு கேக்கக் கூடாது. சாப்பிட்டேம்லேன்னுவேன். என்ன கொழம்பும்பான். சாளை மீனுன்னுவேன், ஊளி மீனுன்னுவேன், ஒண்ணும் வக்காத அன்னைக்கும் எதையாவது சொல்லுவேன், அவனுக்கு வாய் ஊறட்டும்னு. ஷைனி எத்தனாப்பு படிக்காம்பான். பெறகு போன் குடுத்தவன் பக்கத்துல முணுமுணுப்பான், சரி எக்கான்னு வச்சுருவான். திருப்பிக் கூப்பிட்டா, பேசிட்டுப் போயிட்டாரும்மா, யாருன்னு தெரியாதும்பாங்க. இதுக்காகத்தான் அந்த சிம்ம ரெண்டாவது ஓட்டையில வச்சுக் காத்துக்கிட்டு இருந்தேன். எதுக்குன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்த நம்பருக்கு யாரு கூப்பிடுதாம்பாரு செல்வின், நாகர்கோயில் சித்தின்னுவேன். சித்தி செத்து நாலு வருசமாச்சு, அதுகூட மனுசனுக்கு ஞாபகமில்ல.

பள்ளிக்கூடம் தொறந்த சமயத்துல குடும்ப பிளான் ஒண்ணு கொண்டாந்தாரு. ஒரே பில்லு, எல்லாருக்கும் சேத்து, வீட்டுல அத்தன பேரும் உள்ள வரலாம். ரீசார்ஜ் தொல்லையே இனிமே கெடயாதுட்டின்னு, சீட்டு விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. என்னுது ரெண்டும் சேந்துச்சான்னு கேட்டேன். ஒம் போன் மொத்தமும் அதுல வந்தாச்சு, நீ பேசாம இருன்னாரு. அதுவரைக்கும் ஷைனிதான் அவ போன்ல என் ரெண்டாவது சிம்முக்கு மாசம் தவறாம ரீசார்ஜ் போட்டுக்கிட்டு இருந்தா, அப்பா சேத்தாச்சுன்னாங்கல்லன்னு அவ விட்டுட்டா. நேத்துத்தான் கேட்டேன், அந்த சிம் என்ன ஆச்சுன்னு. கூசாமச் சொல்லுதாரு மனுசன், நாலாவது நம்பருக்குத் தனியாக் காசுன்னான், அத விட்டுரச் சொன்னேன், அதுக்கு எவன் கூப்பிடுதான்னு. கத்த முடியுமா? எதுக்குக் கத்துதன்னு கேட்டா என்ன சொல்ல? கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்பியிருப்பான், அனுப்பாம இருப்பானா. காலைல எந்திரிச்சதுலருந்து அவன் மெசேஜ்தான், இந்த ஆஃபர், அந்த ஆஃபர், இன்னைக்கு மட்டும், கடைசி வாய்ப்பு. கடைசி வாய்ப்பு கடைசி வாய்ப்புன்னு தெனம் கத்துதவன், நெசமாவே கடைசி வாய்ப்பு வந்தப்பவும் அதே மாதிரித்தான் கத்தியிருப்பான். எவ படிக்கா அத? கிறிஸ்துமஸுக்கு எபி கூப்பிடல. எனக்கு அவன் மேலதான் கோவம். எங்க குடிச்சுட்டுக் கெடக்கானோன்னு வஞ்சேன். கேக்கு வெட்டுதப்பகூட வஞ்சேன், வாய்க்குள்ளயே. கூப்பிட்டிருப்பானோ? கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டு, யாரோ எடுத்து... யாரு எடுத்தா? என் நம்பர்ல யாரு ஹலோ சொன்னா?

கூப்பிட்டுப் பாத்தா என்ன. இத்தன நேரம் தோணல பாரு. மொத சிம்லருந்து என் நம்பருக்கே நானே அடிக்குதேன், ஏழு எட்டு ஏழு எட்டு. ரிங் போவுது. என்னமோ ஒரு சினிமாப் பாட்டு. என் நம்பருக்குப் பாட்டு வச்சிருக்காங்க. யாரோ நம்ம வீட்டுக்குள்ள குடியேறி சுவத்துக்குப் பச்சப் பெயிண்டு அடிச்ச மாதிரி இருக்கு எனக்கு. "ஹலோ, ஆருங்க?" சின்னப் பிள்ளக் கொரலு, மேக்கத்திப் பக்கத்துப் பேச்சு. நான் யாருன்னு சொல்ல? இந்த நம்பருன்னா? "யம்மா, கோவிச்சுக்காத, நான் தூத்துக்குடிலருந்து பேசுதேன், இந்த நம்பர் முன்னால என்னுதா இருந்துச்சு." அதுக்கு அவ, "ஏனுங்க்கா, நெசமாவா? நான் திருப்பூருங்க, பனியன் கம்பெனில இருக்கறனுங்க. பேரு தேன்மொழி. பஸ் ஸ்டாண்டுல குடை போட்டுக் குடுத்தாங்க, ஃபேன்சி நம்பருன்னு." குடை. இன்னும் குடை போடுதான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கிறிஸ்துமஸ் நேரத்துல யாராவது கூப்பிட்டாங்களா? ஆம்பளக் கொரலு." "ஆமாங்க்கா. ஒருத்தரு கூப்புட்டுட்டே இருந்தாருங்க. எடுத்தாப் பேச மாட்டாருங்க, அப்புறம், சாப்பிட்டியா எக்கான்னு கேப்பாருங்க." எனக்குக் கண்ணு ரெண்டும் மங்கிப் போச்சு, எதுக்க சுவத்துல சிரிக்குத நடிகர் மொகமெல்லாம் தண்ணில கரையுது. "நீ என்னம்மா சொன்ன?" "ராங் நம்பருன்னனுங்க. நம்பவே மாட்டீங்கறாருங்க. வெவ்வேற நம்பர்ல இருந்து கூப்புடுவாரு. பொங்கல் வரைக்கும் நிறுத்தவே இல்லீங்க. எங்கப்பாருக்குக் கோவம் வந்துருச்சுங்க, வயசுப் புள்ளைக்கு எவனோ தொந்தரவு பண்றான்னு. ஒரு நாள் அவரு போனை வாங்கி..." "சொல்லும்மா." "மன்னிச்சுக்குங்க்கா. அந்தம்மா செத்துப் போச்சு, இனிமேலு கூப்புடாதேன்னு சொல்லிட்டாருங்க."

செத்துப் போச்சு. நான். "அவன் என்ன சொன்னான்?" "எப்பன்னு கேட்டாருங்களாம். இப்பத்தான், பொங்கலோடன்னு எங்கப்பாரு அடிச்சு விட்டாரு. அதுக்கப்புறம் கூப்புடவே இல்லீங்க்கா." எப்படிக் கூப்பிடுவான்? செத்தவளுக்கு எவன் போன் பண்ணுவான்? "எந்த நம்பர்லருந்து கூப்பிட்டான்னு இருக்காம்மா?" "பழசெல்லாம் அழிஞ்சு போச்சுங்க்கா." அழுதா அந்தப் பிள்ள. அப்பாவுக்குத் தெரியாதுங்க்கா, தெரியாமப் பேசிட்டாருங்க்கான்னு. அவர என்னன்னு வைய? என் மகளுக்கு ஒருத்தன் இப்படிக் கூப்பிட்டா செல்வின் வேற என்னத்தச் சொல்லியிருப்பாரு. "விடும்மா," அப்படின்னேன். "இனி எப்பவாவது கூப்பிட்டான்னா ஒண்ணு சொல்லுதியா? ஒங்க எக்கா உசுரோடதான் இருக்கா, இன்னும் சாப்பிடலன்னு சொல்லு." எதுக்கு அப்படிச் சொன்னேன்? எப்பவும் சாப்பிட்டேன்னுதான் சொல்லியிருக்கேன் அவன்ட்ட. சரிங்க்கா, சரிங்க்கான்னு அவ சொல்லச் சொல்ல வச்சுட்டேன். மடியில டிபன் பாக்ஸ். ஊளி, சாளை. நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு எங்கயோ ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருப்பானே என் தம்பி, எவன் அவனத் தேத்துவான்? பெட்டிய மூடுறதுக்குள்ள ஓடி வந்தவன், அதுக்கே அறை வாங்குனவன். இப்ப அக்கா போயிட்டான்னா, அந்த மொகத்தையும் பாக்கலன்னு தவிச்சிருப்பான், எங்க பொதச்சாங்களோன்னு தேடிக்கிட்டு வந்தாலும்...

வந்தாலும். யாத்தே. பியூலா அம்மா கல்லறை எதுன்னு கேட்டான். புதுசா வந்த கோயில்குட்டிக்கு எபிய எப்படித் தெரியும்? புதுக் கல்லறைதான, பொங்கல் கழிச்சு அடக்கம் பண்ணுனதுதான, கல்லு இன்னும் பதிக்கல, டீச்சர் மவன் கனடாலருந்து வரணும்னு வெறும் மரச் சிலுவ, அதுல பியூலான்னு மட்டும் கறுப்புப் பெயிண்டுல எழுதி நட்டு வச்சிருக்கு. கெடந்து அழுதான்னாரே. அணிலு தின்னுபோட்டு நுனிய மட்டும் விட்டு வச்சிருக்குன்னாரே. எந்த அணிலுலே நுனிய விட்டு வைக்கும்? அடிய அவன் தின்னுட்டு எனக்கு நுனிய வச்சிருக்கான். ஒவ்வொண்ணா, அழுதுக்கிட்டே அடியக் கடிச்சு, நுனிய வரிசையா எனக்கு வச்சிருக்கான். நான் சிரிச்சேன். ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். நான் இருக்கேன்லே எபி, இந்தா, இங்கன இருக்கேன், கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர்ல, ஏசிக்கடியில, டோக்கன வச்சுக்கிட்டு. ஒனக்கு நான் இல்ல. கம்பெனிக்கும் நான் இல்ல. ஒரு ரீசார்ஜ் போடல, என்னப் பொதச்சிட்டானுவ. பக்கத்துல உக்காந்திருக்க ஆளு எட்டிப் பாக்காரு, தண்ணி வேணுமாம்மாங்காரு, வேண்டாம்யா. இரு. யோசிக்கணும். அவன் இனி அந்த நம்பருக்குக் கூப்பிட மாட்டான். வீடு தெரியாது. ஆனா வருவான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு போன் பண்ண ஆளில்ல, அப்ப எங்க போவான்? அங்கதான் வருவான், அந்தச் சிலுவைகிட்ட, மக்ரூன் வாங்கிக்கிட்டு. இனி எனக்குன்னு அவன் கைல இருக்குத வெலாசம் அது ஒண்ணுதான். சிலுவைல பேருக்குக் கீழ நெறைய எடம் கெடக்கு. டீச்சர் கோவிச்சுக்க மாட்டா, நல்ல மனுசி. கனடாக்காரன் கல்லு பதிச்சா கல்லுலயும் எழுதுவேன், வையட்டும். செல்வின் கேக்கட்டும். கல்லறைல போய் போன் நம்பர் எழுதுத கிறுக்கி யாருட்டின்னு கேக்கட்டும், இன்னைக்குச் சொல்லிருவேன், என் தம்பிக்குன்னு சொல்லுவேன், சோத்துல கைய ஒதறுனா ஒதறட்டும்.

டோக்கன் கூப்பிடுதாங்க. மேனேஜர் ஏப்பம் விட்டுக்கிட்டே வந்து உக்காந்துட்டாரு, இந்தப் பிள்ள பக்கத்துல நின்னு ஏதோ சொல்லுதா. எந்திரிச்சுப் போனேன், மேனேஜர்தான் பேசுனாரு. "சாரி மேடம், பழைய நம்பர் ரிட்டர்ன் வாங்க சிஸ்டத்துல வழியே இல்ல. உங்களுக்காக ஸ்பெசலா ஒரு ஃபேன்சி நம்பர் தரேன், புது கஸ்டமர் ஆஃபர்ல." புது கஸ்டமர். இவ்வளவு வருசத்துக்கப்புறம் நான் புது கஸ்டமர். அந்தப் பிள்ள கைரேக வைக்கச் சொன்னா, வச்சேன், வேர்வைல பதியல, சேலையில தொடச்சுட்டுத் திரும்ப வச்சேன். மில்லர்புரம் வெலாசத்தத் தெளிவாச் சொன்னேன். "எந்த பிளான் போடட்டும் மேடம்? ஒரு வருசத்துக்கு மொத்தமா ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல நாங்க குடுக்கிறது இல்ல." ஆயுசுக்கும்னு ஒண்ணு இருந்துச்சு முன்னாலன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பிள்ளையோட பல்லப் பாத்தேன், அதுக்கு வயசு என்ன இருக்கும், அதுகிட்ட எதுக்கு. "அந்த ஒரு வருசத்தப் போடும்மா," அப்படின்னேன், "போட்டுட்டு, தண்ணி பட்டா அழியாத மார்க்கர் பேனா ஒண்ணு இருந்தாக் குடு, இந்தா தந்துருதேன்."